என் முழங்காலை வரியில் கழித்த மகனுக்கு

மகனே,

நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்றுகூட பினாங்கில் எங்கேயோ உட்கார்ந்து நாசி கண்டார் சோற்றுத் தட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தாய். கோழிக்காலும் மீன் முட்டையும் தட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சாப்பிடு, யார் வேண்டாமென்றார்கள். நாங்கள் இங்கே நலமா என்று மட்டும் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுத எனக்கு மனசு வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை மீட்டிங் என்றாய், இன்னொரு தடவை டோல் பக்கத்தில் நிற்கிறேன் என்றாய். கடைசியாக உன்னைப் பிடித்தபோது நீ சொன்ன ஒரு வார்த்தையில் நானே போனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தையைப் பிறகு சொல்கிறேன். இதற்கிடையில் கோயில் திருவிழா மலருக்குப் பெற்றோர் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கேட்டார்கள். எல்லாரும் ஒரே வாயாக, கிராணியம்மா எழுதுவாங்க என்று என்னைக் காட்டிவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணுக்கும் மாலினி என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன், பயப்படாதே. இந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வெளியூரில் மாசச் சம்பளம் வாங்குகிற பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். படிக்கிற ஒவ்வொருவனும் இது நம் அம்மா எழுதியதோ என்று ஒரு நிமிஷம் பதறட்டும். எவன் பதறுகிறானோ அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நீ எப்போதோ மறந்திருப்பாய். மாலினியின் அப்பாவும் அம்மாவும் கம்போங் ராஜாவிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண் கொடுக்கிற வீட்டார் வருகிறார்களே என்று நான் காலையிலேயே ரிங்லெட்டுக்குப் போய்க் கறி வாங்கி வந்து, சமைத்து, கூடத்தைக் கழுவி, உன் அப்பாவுக்குச் சட்டையும் மாட்டி உட்கார வைத்திருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாலினியின் அப்பா கோலா தெர்லா தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிப்போகிற லோரிக்காரர், ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்து, எல்லாம் வெட்டினது போகக் கைக்கு எவ்வளவு வரும் மாப்பிள்ளை என்று கேட்டார். நீ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாய். அந்தச் சாய்வைப் பார்த்ததுமே ஏதோ பெருமையடிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"முன்ன வரிக்கு நிறைய வெட்டுவாங்க மாமா. அப்புறம் அம்மா முழங்காலுக்கு வைத்தியம் பண்றேன்னு ஆபீஸ்ல ஒரு பாரத்தை நிரப்பி எழுதிக் கொடுத்துட்டேன்லா. இப்ப பாதிதான் வெட்டுறாங்க."

மாலினியின் அப்பா சிரித்தார். உன் அப்பா அதைவிடச் சத்தமாகச் சிரித்து, மகனின் மூளையைப் பார்த்தீர்களா என்கிற மாதிரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், நானும் மாலினியின் அம்மாவும். நான் தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாரமும் தெரியாது, பிடித்தமும் தெரியாது. மகன் செலவு செய்து வைத்தியம் பார்க்கிறான் என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "சொல்லவே இல்லையே சம்பந்தி, இவ்வளவு வலியோடயா எங்களுக்கு ஓடி ஓடிச் செய்யறீங்க?" என்று கேட்டபோது அவர்கள் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்வது? வைத்தியமே பார்க்கவில்லை, உங்கள் மாப்பிள்ளை அளந்து விட்டான் என்று சொல்வதா? இல்லை, ஆமாம் பார்க்கிறோம் என்று நானும் சேர்ந்து அளப்பதா? சீனி டப்பாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு லோரி கீழே இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புட்டி தைலம் வருகிறது. லோரியை ரோட்டோரம் நிறுத்தி, ஹாரன் அடித்து, மாலினியின் அப்பாவே இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். வாங்கும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ செய்த காரியத்துக்கு நான்தான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று உனக்குப் புரிய வேண்டுமானால், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை நீ ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிச் சம்பளம் போடுகிற கிராணி நான். மலையில் வேலை செய்கிற நம் ஜனத்தில் பெரும்பாலோருக்கு இந்த மாதாந்திர வரிப் பிடித்தம் கிடையாது, வரி ஆரம்பிக்கிற கோட்டைத் தொடுகிற அளவுக்குச் சம்பளம் இல்லை. பேக்டரியில் மேலே இருக்கிறவர்கள், சின்னத் துரைமார், மேனேஜரான பெரிய துரை, இவர்களுக்குத்தான் நான் பிசிபி என்கிற அந்த மாதப் பிடித்தக் கணக்குப் போடுகிறேன். அவர்கள் மாதா மாதம் வரியைக் குறைக்க வேண்டுமென்றால் இன்ன செலவு செய்தேன் என்று நீ கொடுத்த அதே பாரத்தைத்தான் என்னிடம் கொடுப்பார்கள். அதோடு பில்லையும் கொண்டு வா என்று நான் கேட்பதில்லை. சட்டம் அப்படி. எழுதிக் கொடுக்கிறவன் உண்மையைத்தான் எழுதுகிறான் என்று ஆபீஸ் நம்பும், பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது அவன் பொறுப்பு. பினாங்கில் உன் ஆபீசிலும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நீ கொடுத்த பாரத்தைப் பார்த்துவிட்டு, பாவம், அம்மாவுக்கு முடியவில்லை போல என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள். நான் நினைப்பேன், எனக்குத் தெரியும். ஒரு சின்னத் துரை அவர் அப்பாவின் வைத்தியச் செலவை எழுதிக் கொடுத்தபோது நான் அவரிடம் கொஞ்ச நாள் குரலைத் தாழ்த்திப் பேசினேன். இத்தனை வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து பாரத்தை வாங்கி நம்பியவள் பெற்ற பிள்ளை, இன்னொரு மேஜையில் உட்கார்ந்திருப்பவளின் காதில் பூச்சுற்றியிருக்கிறான். இதை நினைக்கும்போது எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது.

பிடித்தம் என்றால் உனக்கு என்னவென்றே புரியவில்லை. சம்பளச் சீட்டில் ஒரு வரி கறுப்பாகத் தெரிந்தால், யாரோ உன் பையில் கையை விடுகிறார்கள் என்று நினைக்கிறாய். மழை நாளில் கொழுந்து நிறுப்பதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். இலை ஈரமாக இருக்கும். சாக்கைத் தராசில் போட்டதும் நிறுக்கிறவர் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். அவர் என்ன இலையைப் பிழிந்தா பார்த்தார்? ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். உண்மையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இலை என்பது பேக்டரியில் வாட்டிய பிறகுதான் தெரியும். உன் பிசிபியும் அந்தக் குத்துமதிப்புதான். இந்த மாதச் சம்பளம் வருஷம் பூராவும் வந்தால் மொத்தம் எவ்வளவு வரும், அதில் சேமநிதி எவ்வளவு போகும், நீ சொன்ன செலவுகளுக்கு எவ்வளவு விலக்கு, மிச்சத்துக்கு எவ்வளவு வரி, அதை மாதங்களுக்குப் பிரித்தால் எவ்வளவு என்று ஆபீஸ் ஒரு கணக்குப் போட்டு உன்னிடம் பிடித்து வரி இலாகாவுக்குக் கட்டுகிறது. உன் வரி இவ்வளவுதான் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. தீர்ப்பு வருஷம் முடிந்து நீயே கணக்குக் காட்டும்போதுதான். கூடுதலாகப் பிடித்திருந்தால் உன் பாங்கிக்குத் திரும்பி வரும், குறைவாகப் பிடித்திருந்தால் நீ கட்ட வேண்டும்.

ஆனால் கழிவு என்று ஒன்றைக் கண்டாலே அதை ஏய்த்துப் பார்க்க வேண்டும் என்கிற அரிப்பு நமக்கு இந்த மலையிலிருந்தே வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. உன் பெரியம்மாவைக் கேட்டுப் பார். வெயில் நாளில் நிறுக்கிறவர் தண்ணீருக்குக் கழிக்க மாட்டார். உடனே என் அக்காவுக்கு யோசனை வந்துவிடும். ஓடை ஓரமாகப் போய்ச் சாக்கின் அடியில் இருக்கிற இலையை நனைத்து, மேலே காய்ந்த இலையைப் பரப்பிக் கொண்டு வருவாள். அவளுக்கு அது பெரிய வீரம். கொஞ்ச நாளில் சாக்கின் அடி சொட்டுவதை நிறுக்கிறவர் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து வெயிலோ மழையோ அவளோடு கொழுந்து பறிக்கிற கும்பல் முழுவதற்கும் கழிக்க ஆரம்பித்துவிட்டார். நனைக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். பெண்கள் எல்லாரும் அக்காவைப் பிடித்துக் கிழித்தார்கள், அவளுக்கு அது அவமானமாகக்கூடத் தெரியவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நீ அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்தபோது எனக்கு அவள் முகம்தான் தெரிந்தது.

உனக்கு இது ஒன்றும் புதிதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஈப்போ வேலையை விட்டுவிட்டு வருஷ நடுவில் பினாங்குக்குப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? பழைய கம்பெனியில் இவ்வளவு சம்பாதித்தேன், இவ்வளவு வரி பிடித்தார்கள் என்று புதுக் கம்பெனிக்கு எழுதிக் கொடு, அதற்கென்றே ஒரு பாரம் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரிம்மா சரிம்மா என்றாய், கொடுக்கவில்லை. புது ஆபீஸ், இந்தப் பையன் அந்த மாதத்திலிருந்துதான் சம்பாதிக்கவே ஆரம்பித்தான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சமாகப் பிடித்தது. உனக்கு ஒரே சந்தோஷம், பினாங்கில் வரி குறைவு என்றுகூட ஒரு தடவை சொன்னாய். பிறகு வருஷக் கணக்குக் காட்டும்போது இரண்டு சம்பளமும் ஒன்றாகச் சேர்ந்து, கட்ட வேண்டிய பாக்கி வந்து நின்றது. அப்போது என்னிடம்தான் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தாய், நான்தான் வரி போட்ட மாதிரி. போன வருஷம் போனஸ் வந்தபோதும் அதே கூத்து. போனஸை வருஷச் சம்பளத்தோடு சேர்த்து, அதற்கு ஏறுகிற வரியை அந்த மாதமே பிடித்துவிடுவார்கள், அதனால்தான் அந்த மாதச் சீட்டு அப்படி வீங்கித் தெரிகிறது என்று சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை. போனஸே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது என்றாய். அந்தக் கோபத்தில்தான் என் முழங்கால் உன் கண்ணில் பட்டிருக்கிறது.

இப்போது நீ என்ன செய்திருக்கிறாய் என்று பார். ஒரு பொய்யைச் சொல்லி மாதா மாதம் பிடிப்பதைப் பாதியாக்கிவிட்டாய். வருஷம் முடிந்துவிட்டது. ஏப்ரல் கடைசிக்குள் நீ கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பெற்றோர் வைத்தியச் செலவு என்கிற கட்டத்தைக் காலியாக விட்டால், பிடிக்காமல் விட்டதெல்லாம் மொத்தமாக உன் தலையில் விழும். காலியாக விடாமல் அங்கேயும் அதையே எழுதினால் ஆபீசிடம் சொன்ன பொய்யை அரசாங்கத்திடமும் சொல்கிறாய். பிறகு ஏழு வருஷம், எப்போது வேண்டுமானாலும் பில்லைக் காட்டு, டாக்டர் எழுதியதைக் காட்டு என்று கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் வரியோடு அபராதமும் சேரும். மாதப் பிடித்தத்தைக் குறைத்ததில் உனக்கு ஒரு காசு மிச்சமில்லை. மிச்சம் வேண்டுமென்றால் பொய்யைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போக வேண்டும். மாலினி உன் வீட்டுக்கு வந்து, ஒரு பிள்ளையும் பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நீ இந்தப் பொய்யைக் கட்டிக் காக்க வேண்டும்.

இதைத்தான் போனில் சொன்னேன். பாதியிலேயே மறித்து நீ சொன்னாய்:

"விடுங்கம்மா, யாரு வந்து உங்க முட்டியைப் பார்க்கப் போறா?"

நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ, நீ திரும்பக் கூப்பிடவில்லை.

உன் அப்பாவிடம் முறையிட்டதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆளுக்காள் செய்கிறதுதான், சின்னப் பையன், கல்யாணச் செலவு இருக்கிறது, விட்டுத் தள்ளு என்கிறார். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்து லோரி ஓட்டியவர், டீசலில் ஒரு சொட்டு எடுக்காதவர், மகன் என்றதும் நியாயம் மாறிவிடுகிறது. அதோடு, கட்டுகிற வரிக்கு என்ன கிழித்துவிட்டார்கள், இந்த ரோட்டைப் பார் என்கிறார். ரோட்டைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் நடத்த வேண்டாம். மழைக்கு மண் சரிந்து பஸ் நின்று போய், ஆபீஸ் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். அந்த ரோட்டைப் பற்றித் திட்டுவதென்றால் உங்கள் இரண்டு பேரையும்விட எனக்கு நன்றாகத் திட்டத் தெரியும். அதற்காக அம்மாவை நோயாளி ஆக்கிப் பழி வாங்கச் சொல்லி எந்தக் குழியும் கேட்கவில்லை.

உனக்கு வரி பிடித்த முதல் சம்பளச் சீட்டை நான் பார்த்த நாள் உனக்குத் தெரியாது. நீ அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், கூடவே அழுகிற பொம்மை ஒன்று. நான் அழவில்லை. ஆபீசில் எத்தனையோ பேருக்கு நான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன், என் சம்பளம் அந்தக் கோட்டைத் தொட்டதே இல்லை. உன் அப்பா சம்பளமும் தொட்டதில்லை. நம் குடும்பத்தில் வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீதான். அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், மகனுக்கு வரி பிடித்திருக்கிறார்கள் என்றேன். இதற்குப் போய் யாராவது விருந்து வைப்பார்களா என்று சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நீ வெட்கப்பட்டு ஒளிக்கப் பார்க்கிற அந்த வரியை நான் ஊர் கூட்டிக் கொண்டாடியிருக்கிறேன்.

சரி, இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேள். ஜனவரியில் இந்த வருஷத்துக்கும் அதே பாரத்தைக் கொடுத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். திங்கட்கிழமை உன் ஆபீசில் அந்தப் பெண்ணிடம் போய் அதைத் திரும்ப வாங்கு. காரணம் கேட்டால் தவறாக எழுதிவிட்டேன் என்று சொல், அவள் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டாள். அடுத்த மாதத்திலிருந்து பிடித்தம் ஏறும், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள். போன வருஷக் கணக்கில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, வருகிற பாக்கியைக் கட்டிவிடு. வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று கேட்பாய். கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து, தேயிலைக்கு நடுவில் உன்னையும் மாலினியையும் நிற்க வைத்து, பூவைத் தூவிப் படம் பிடிக்கப் போகிறான் என்றாயே, அதை நிறுத்து. நீ பிறந்து, விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வளர்ந்த அந்த மலையில் நின்று படம் பிடிக்க வெளியூர்க்காரனுக்கு எதற்குக் கூலி? உன் அப்பாவிடம் போனைக் கொடு, தலை வெட்டுப்படாமல் எடுப்பார்.

உண்மையாகவே குறைக்க வழி இல்லாமலா இருக்கிறது? மாலினி கம்போங் ராஜா பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு உன்னோடு வருகிறாள். அங்கே அவளுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் மனைவிக்கு வருமானம் இல்லை என்று ஆபீசில் சொல், அதற்குத் தக்கபடி பிடித்தம் தானாகவே இறங்கும். அவளுக்கு வேலை கிடைத்த அன்றைக்கே அதையும் போய்ச் சொல். இன்சூரன்ஸ் கட்டுகிறாய், புத்தகம் வாங்குகிறாயோ இல்லையோ இன்டர்நெட்டுக்குக் கட்டுகிறாய், இதற்கெல்லாம் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. ரசீதை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொள். கொடுப்பதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை, கொடுக்காததை மட்டும் பொய் சொல்லி எடுக்கத் தெரிகிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பழகு. மாலினியிடமும் நீயே சொல்லிவிடு. அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொல்லட்டும். எனக்கு இனிமேல் லோரி ஹாரன் கேட்டால் ஒளிந்துகொள்ள இடம் தேட முடியாது.

இப்போது நாங்கள் நலமா என்று சொல்கிறேன். உன் அப்பா நலம். எனக்கு முழங்கால் வலிக்கிறது. நீ எழுதின செலவுதான் பொய், வலி நிஜம். தீபாவளிக்கு முன்னாலிருந்தே ஆபீஸ் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று மறைத்தேன், அது என் தப்புதான். ஆனால் நீ பாரத்தில் எழுதியபோது கண் என்று எழுதவில்லை, இடுப்பு என்று எழுதவில்லை, சரியாக முழங்கால் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் லீவுக்கு வந்தபோது நான் நொண்டுவதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு, ஆபீசில் எழுதிக் கொடுக்கிற அளவுக்கு மனசிலும் வைத்திருக்கிறாய். என்னிடம் மட்டும், ஏம்மா காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இத்தனை பக்கம் கத்தியதெல்லாம் வரிக்காக என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு உண்மையில் வலித்தது இதுதான்.

ரிங்லெட் கிளினிக்கில் காட்டினேன். எலும்பு டாக்டர் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சித்திரை மாசம், இரண்டாவது புதன்கிழமை. அங்கே என்னிடம் வாங்கப்போவது ஒரு நாசி கண்டார் விலைகூட இருக்காது, மிச்சத்தை வரி கட்டுகிறவர்கள் கட்டுகிறார்கள். அதனால் அந்த நிஜமான பில்லை வைத்துக்கொண்டு உன் பிடித்தத்தில் ஒன்றும் குறைக்க முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாது. எனக்கு மலை ரோட்டில் பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு உட்கார முடியாது. நீ செவ்வாய்க்கிழமையே கார் எடுத்துக்கொண்டு கிளம்பி வா. கேரெட்டாவில் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வருகிறேன், நீ மெதுவாக ஓட்டு. டாக்டர் முன்னால் நீயே உட்கார்ந்து, அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். லீவு மிச்சம் இல்லை என்று சொல்லாதே. சம்பளமில்லாத லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். அந்த ஒரு பிடித்தத்தை நீ யாரையும் ஏய்க்காமல் கட்ட வேண்டும் என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் லோரி ஹாரன் கேட்கிறது. போய்த் தைலத்தை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உன் அம்மா